ஒலியும் ஒளியும் அத்தாவின் செவியும்

மொழிக்கு முதற்காரணம் ஒலி என்பது இலக்கணம் கற்கும் மாணவர் எவரும் அறிந்த செய்தியாகும். தொல்காப்பியர் தம் எழுத்ததிகாரத்தில் நூல்மரபு, மொழிமரபு ஆகிய இரண்டனையும் அடுத்து மூன்றாவதாகப் பிறப்பியலை அமைத்து, உள்ளிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை எனப் பல இடங்களில் தங்கி, நா, இதழ், பல் முதலிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் திறத்தை வகுத்துரைத்தார். அரபு இலக்கண முதல்வருள் ஒருவராகிய சீபவைஹி, எட்டாம் நூற்றாண்டிலேயே ஒலிகளின் பிறப்பிடங்களைப் பதினாறு எனப் பகுத்தார். மருத்துவ மேதை இப்னு சீனா எழுத்தொலிகள் தோன்றும் காரணங்கள் பற்றித் தனியே ஒரு சிறு நூல் இயற்றினார். திருமறையைத் திருத்தமுற ஓதக் கற்பிக்கும் தஜ்வீத் கலை, 'மக்ரஜ்' எனப்படும் இப்பிறப்பிடங்களை மக்தப் சிறார்க்கும் இன்றளவும் பயிற்றுவித்து வருகின்றது.

ஒலி பிறக்கும் வாயைப் பற்றி நூல்கள் வாயிலாக நான் கற்றது மிகுதி. ஆயின் ஒலி சென்று சேரும் செவியைப் பற்றிக் கற்பித்தவர் என் தந்தையார். அதுவும், கோத்தகிரியில் உள்ள எங்கள் இல்லத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலியை ஒரு பழைய 'ஹோம் தியேட்டர்' ஒலிபெருக்கித் தொகுதியுடன் இணைக்க முயன்ற ஒரு கோடை விடுமுறையில்தான் அப்பாடம் எனக்கு வாய்த்தது. கம்பி இணைப்பைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவதா என மாணவ நண்பர்கள் வியக்கக்கூடும். இறுதிவரை படித்தால் இது தமிழ்ப் பாடமே என்பது புலனாகும்.

ஆலை தந்த செவி

நீலகிரியின் கிழக்குப் பகுதியில் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்தது கோத்தகிரி. அதன் பெயரிலேயே கோத்தர் என்னும் தொல்குடியினர் வாழ்கின்றனர். கொல்லுத் தொழிலும் மட்கலத் தொழிலும் வல்ல அம்மக்கள் சிறந்த இசைவாணர்களும் ஆவர். 'கொள்' என்னும் குழற்கருவியும் முழவுகளும் கொண்டு அவர்கள் எழுப்பும் இசை, தோடர், படகர் ஆகியோரின் சடங்குகளிலும் ஒரு காலத்தில் ஒலித்தது. எமனோ என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1930களில் இம்மலைக்கு வந்து தங்கி, எழுத்துருவம் பெறாத கோத்த மொழியைக் காதால் கேட்டுக் கேட்டே பதிவு செய்து, 1944 முதல் 1946 வரை நூல்களாக வெளியிட்டார். செவி ஒன்றையே கருவியாகக் கொண்டு ஒரு மொழிக்கு வரிவடிவச் சான்று தேடித்தந்த மலை இது.

இம்மலையில்தான் என் தந்தையார் ஒரு தேயிலை ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்தார். அவரை நாங்கள் 'அத்தா' என்றே அழைப்போம். வாடல் தொட்டிகளின் காற்றாடிகள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகள், உலர்த்தும் அடுப்பின் இரைச்சல் இவற்றினிடையே அவர் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் ஆண்டுக்கணக்கில் நிற்போர்க்குச் செவித்திறன் குன்றும் என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்பிய உண்மை. அந்நாளில் காதுக்குக் காப்பு அணிய வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை, கேட்டதுமில்லை. ஆலையில் சீட்டியாலும் சைகையாலும் பேசிப் பழகியவர்கள் அவர்கள்.

ஆயினும் வீட்டில் அவர் செவிச்செல்வராகவே திகழ்ந்தார். இலங்கை வானொலியில் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிந்த தமிழுச்சரிப்பைக் கேட்குமாறு எங்களை அருகில் அமர்த்துவார். "லகரமும் ளகரமும் அவர் நாவில் எங்ஙனம் பிரிகிறது பார்" என்பதே அவர் எனக்குக் கற்பித்த முதல் ஒலியியல். மீலாது மேடைகளில் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் குரல் எழுகையில், என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' தொடங்கும் வேளையில் அண்டை வீட்டாரும் எங்கள் கூடத்தில் குழுமுவர். மலைமுகடுகள் மறைத்தமையால் கூரைமேல் நின்று ஆண்டெனாவைத் திருப்பும் தொழில் எனக்கு வாய்த்தது. "தெரியுதா?" என்று நான் மேலிருந்து கூவ, "படம் தெரியுது, பேச்சு வரல" என்று கீழிருந்து விடை வரும்.

மெய் மறைந்த மொழி

எழுபதைக் கடந்த பின் அத்தாவின் நிலையே அவ்வாறாயிற்று. படம் தெரிந்தது, பேச்சு வரவில்லை. தொலைக்காட்சியின் ஒலியளவு நாளுக்கு நாள் ஏறியது. பேரப்பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்க இயலவில்லை. அம்மாவுக்குத் தலைவலி. சுவர் ஒன்றே இடையிட்ட அண்டை வீட்டார் மரியாதை கருதிப் பொறுத்தனர். ஒலியைக் குறைத்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்து தம் அறைக்குச் சென்றுவிடுவார். அவ்வாறு எழுந்து செல்வது நாளடைவில் வழக்கமாயிற்று. உணவு வேளையில் பேச்சு குறைந்தது. சலாம் கூறியவர்க்கு மறுமொழி வராமை கண்டு, "முன்போல் இல்லை, கோபக்காரராகிவிட்டார்" என்று உறவினர் கூறலாயினர்.

அவரிடம் ஒருநாள் நேரிற் கேட்டேன். அவர் உரைத்தது ஒரே தொடர்: "சத்தம் கேக்குது தம்பி, சொல்லு வெளங்கல."

அத்தொடரினுள் ஒலியியல் முழுதும் அடங்கிக் கிடப்பதைப் பின்னரே உணர்ந்தேன். மனிதச் செவி இளமையில் 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரையிலான அதிர்வுகளை ஏற்க வல்லது. முதுமையாலோ ஓசையாலோ செவி நலியுங்கால், முதலில் கெடுவது உயர் அதிர்வுகளை ஏற்கும் திறனே. பேச்சில் உயிரொலிகளின் வலிமையில் பெரும்பகுதி 1,000 ஹெர்ட்சுக்குக் கீழே அமைகிறது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக் காட்டும் நுண்கூறுகளோ மிகுதியும் 2,000 ஹெர்ட்சுக்கு மேல் அமைகின்றன. எனவே முதியவர் செவியில் உயிர் ஒலிக்கிறது; மெய் மறைகிறது. ஓசையின் வலிமையைத் தருவது உயிர். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டுவதில் மெய்க்கே பெரும்பங்கு. ஆகவேதான் சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை.

சட்டம், பட்டம், கட்டம், வட்டம் என்னும் நான்கு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். முதலெழுத்தின் மெய்யொன்று நீங்கின் நான்கும் ஒன்றே. எதுகை புலவனுக்கு அணி. செவி நலிந்தவர்க்கு அது பொறி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என மாத்திரை வகுத்தனர் நம் முன்னோர். மாத்திரை என்பதோ இயல்பாகக் கண்ணிமைக்கும் அளவே. அதனினும் பாதியாகிய அரை மாத்திரையில் அத்தாவின் உலகம் நழுவிப் போய்க்கொண்டிருந்தது.

இது பொழுதுபோக்குச் செய்தியன்று. கோத்தகிரி வடகிழக்குப் பருவமழையை மிகுதியாகப் பெறும் ஊர். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையாலும் நிலச்சரிவாலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இம்மலையில் வாழ்வோர் மறவார். அன்று முதல் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வானிலைச் செய்தியைத் தவறாது கேட்பது அத்தாவின் கடமைகளுள் ஒன்றாயிற்று. நான் சமவெளியில் பணியில் இருக்க, தம்பி வெளியூரில் வாழ, பள்ளி நாள்களில் பேரப்பிள்ளைகளும் எங்களுடன் இறங்கிவிட, அம்மாவும் அவரும் மட்டுமே மலையில் தங்குவர். தகரக் கூரையின் மேல் மழை அறைகையில், எந்த ஊருக்கு எச்சரிக்கை, எந்தப் பாதை அடைபட்டது என்னும் சொற்கள் அவர்க்கு விளங்க வேண்டும். விளங்காமற் போனால் என்னாகும் என்பதை எண்ணிய இரவுகளில் எனக்கு உறக்கம் வந்ததில்லை.

தட்டைப் பெட்டியும் ஆறு ஒலிபெருக்கிகளும்

பழைய தொலைக்காட்சிப் பெட்டி பருத்த உடலுடையது. அதனுள் ஒலிபெருக்கிக்கு இடமிருந்தது. பெரும்பாலும் அது பார்ப்பவரை நோக்கியே அமைந்திருந்தது. இன்றைய பெட்டி விரற்கடை அளவே தடிமன் உடையது. படம் அழகுபெற்றது, ஒலிக்கு வீடில்லாமற் போயிற்று. சிறிய ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ பொருத்தப்படுகின்றன. சொல் சுவரிலும் மேசையிலும் மோதிச் சிதறிய பின்னரே செவியை அடைகிறது. நல்ல காதுடையோரும் 'என்ன சொன்னான்?' என வினவுவது இக்காரணத்தாலேயே.

எங்கள் வீட்டு அலமாரியில், 2008-இல் தம்பி டி.வி.டி. கருவியுடன் வாங்கிய 5.1 ஹோம் தியேட்டர் ஒன்று துணியால் மூடப்பெற்றுக் கிடந்தது. 5.1 என்பதன் பொருளை மாணவர் அறிதல் நன்று. முன்னே இடமும் வலமும் இரண்டு, பின்னே இரண்டு, நடுவே ஒன்று என ஐந்து ஒலிபெருக்கிகள். எஞ்சிய '.1' என்பது 120 ஹெர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட அதிர்வை மட்டும் முழங்கும் 'சப்வூஃபர்'. இவற்றுள் நடுவண் ஒலிபெருக்கியே உரையாடலைத் தாங்குவது. திரைப்படம் பார்ப்போர் இடிமுழக்கத்தை விரும்பிச் சப்வூஃபரைப் போற்றுவர். அத்தாவுக்கு வேண்டியது அந்த நடுவண் பெட்டி ஒன்றே.

இத்தொழில்நுட்பத்தின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் சிறு தொடர்புண்டு. ரே டால்பி என்னும் பொறியியலறிஞர் 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகள் அவையின் தொழில்நுட்ப ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றினார். அதன்பின் 1965-இல் இங்கிலாந்து சென்று தம் ஆய்வகத்தைத் தொடங்கினார். இரைச்சலை நீக்கிப் பொருளொலியைக் காப்பதே அவ்வாய்வகத்தின் முதற்பணி. 2009-இல் ஏ.ஆர். ரகுமான் இசைக்காகவும், கேரளத்து ரசூல் பூக்குட்டி ஒலிக்கலவைக்காகவும் ஆஸ்கர் விருது பெற்றபோது, ஒலியமைப்பும் ஒரு கலை என்பதை நம் இளைஞர் உணர்ந்தனர்.

ஒலி ஒளியாகிய கதை

விடுமுறையில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகனும் நானும் பணியைத் தொடங்கினோம். எளிய வழியை முதலில் தேர்ந்தோம். டி.டி.எச். பெட்டியின் பின்புறமுள்ள சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து அதே நிறக் கம்பிகளை ஹோம் தியேட்டருக்குக் கொண்டு சென்றோம். ஒலி வந்தது, உடன் 'ங்ங்' என வண்டின் முரற்சி போன்ற ஓர் இரைச்சலும் வந்தது. கூரைத் தட்டிலிருந்து வரும் கம்பிக்கும் மின்னிணைப்புக்கும் நிலத்தொடர்பில் வேறுபாடு இருப்பின், 50 ஹெர்ட்சு மின்னோட்டமே இங்ஙனம் முரலும் என்றான் மகன். அதுவன்றியும், இணையத்தின் வழி மக்கா ஹரமின் தொழுகையை அத்தா பார்க்கும்போது அவ்வொலி டி.டி.எச். பெட்டி வழியே வாராது. எனவே தொலைக்காட்சியிலிருந்தே ஒலியைப் பெறுதல் வேண்டும்.

புதிய தொலைக்காட்சியில் சிவப்பு, வெள்ளை வெளியீடு இல்லை. எச்.டி.எம்.ஐ. கம்பி வழியே ஒலியைத் திருப்பியனுப்பும் 'ஆர்க்' என்னும் வசதி இருந்தது. அது 2009-இல் வகுக்கப்பட்ட முறை. 2008-இல் வாங்கிய பெட்டிக்கு அது எங்ஙனம் வாய்க்கும்? எஞ்சியது 'ஆப்டிகல்' என எழுதிய சிறு சதுரத் துளை. 1983-இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் அறிமுகம் செய்த முறை இது. அத்துளையின் மூடியைத் திறந்தபோது உள்ளே செந்நிற ஒளியொன்று மினுங்கிற்று. அதனைக் கண்ட அத்தா, "உள்ள வெளக்கு எரியுதே" என்றார்.

அவ்விளக்கே ஒலி. ஒலியலை வினாடிக்கு 48,000 முறை அளக்கப்பெற்று எண்களாகிறது. அவ்வெண்கள் ஒளித்துடிப்புகளாகி, மயிரிழையினும் பன்மடங்கு தடித்த நெகிழி இழையினுள் ஓடுகின்றன. இழையின் ஓரத்தில் மோதும் ஒளி வெளியேறாது உள்ளேயே திரும்பி எதிரொளிக்கும். இவ்விழைநுட்பத்துக்கு 1954-இல் வெளியான ஆய்வுரையால் வழிகோலியவருள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. ஒளியின் நேர்ச்செலவையும் எதிரொளிப்பையும் ஆய்ந்து பதினோராம் நூற்றாண்டிலேயே 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூல் இயற்றிய இப்னுல் ஹைதமை இவ்விடத்து நினையாதிருத்தல் இயலாது. மின்தொடர்பு இன்றி ஒளியே தூது செல்வதால், நிலத்தொடர்பு வேறுபாட்டால் எழும் முரற்சியும் இல்லை. ஒலி, ஒளியாகி, மீண்டும் ஒலியாகிறது. லகர ளகரம் பிரிக்கக் கற்பித்த தந்தைக்கு அவ்விரண்டையும் கொண்டே கைம்மாறு செய்ய வாய்த்ததை எண்ணி மகிழ்ந்தேன்.

ஆயின் பழைய ஹோம் தியேட்டருக்கு ஒளி விளங்காது. இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். எண்ணொலியை இயல்பொலியாக மாற்றும் தீப்பெட்டியளவுக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடையொன்றில் தந்தது இயல்பொலியை எண்ணொலியாக்கும் எதிர்க்கருவி. தோற்றத்தில் இரண்டும் இரட்டைப்பிள்ளைகள். மறுநாள் மாற்றித் தந்தனர். வாங்குவோர் 'ஆப்டிகல்' துளை உள்வாங்குவதா வெளியிடுவதா என எழுத்தைப் படித்து வாங்குக.

இனி மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று, தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் எண்ணொலி வெளியீட்டைப் 'பி.சி.எம்.' என்று அமைத்தல். டால்பி முறையில் விட்டால் சிறுகருவிக்கு அது புரியாது. அமைதியோ கரகரப்போதான் வரும். இரண்டு, தொலைக்காட்சியின் உள் ஒலிபெருக்கியை அணைத்தல். இல்லையேல் ஒரே சொல் இருமுறை ஒலித்துக் குழப்பும். மூன்று, இரண்டு தடங்களாக வரும் ஒலியிலிருந்து உரையாடலை நடுவண் பெட்டிக்குப் பிரித்தனுப்பும் 'புரோ லாஜிக்' பொத்தானை இயக்குதல். இவற்றைச் செய்தபின் நடுவண் ஒலிபெருக்கியின் அளவை உயர்த்திச் சப்வூஃபரை ஏறத்தாழ ஊமையாக்கினோம்.

இதழசைவும் அண்மையும்

கம்பியே இன்றிப் புளூடூத் வழி இணைக்கலாமே என்று நண்பர் ஒருவர் வினவினார். ஆகும். ஆயின் புளூடூத் ஒலி சிறிது பிந்தி வருவது பெரும்பான்மை. ஒலி படத்தைவிட 45 மில்லி வினாடி முந்தினும், 125 மில்லி வினாடி பிந்தினும் பார்ப்போர் அதை உணர்வர் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. செவி நலிந்தோர்க்கு இது இன்னும் இன்றியமையாதது. அவர்கள் காதால் பாதியும் கண்ணால் பாதியும் கேட்கின்றனர். கண் காணும் இதழசைவு செவி கேட்கும் எழுத்தையே மாற்றிவிடும் என்பதை 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்னும் இரு உளவியலறிஞர் நிறுவினர். இதழைப் பார்த்துப் பகரம் எனத் துணிந்த முதியவர்க்கு, ஒலி பிந்தி வந்தால் இரண்டும் கெடும்.

ஒலிபெருக்கியை எங்கு வைப்பது என்பதும் ஓர் இலக்கணமே. திறந்த வெளியில், தொலைவு பாதியானால் ஒலியின் வலிமை 6 டெசிபல் கூடும். அறைக்குள் அவ்வளவு கூடாவிடினும் எதிரொலியினும் நேரொலி மேலோங்கும். எனவே நடுவண் பெட்டியைத் தொலைக்காட்சியின் கீழிருந்து எடுத்து, முன்னே ஒரு முக்காலியில், அத்தாவின் காதுமட்டத்துக்கு ஏற்ற உயரத்தில், அவரது நாற்காலியை நோக்கி வைத்தோம். ஒலியைக் கூட்டுவதினும் அருகிற் கொணர்தல் நன்று.

இரண்டு ரிமோட்டுகள் அவரைக் குழப்பின. ஒலிக்குரியதில் மகன் சிவப்பு நூலொன்றைச் சுற்றினான். "நூல் சுத்துனது சத்தத்துக்கு" என்று அவர் கற்றுக்கொண்டார்.

அன்று மாலைச் செய்தியின்போது அவர் எதுவும் கூறவில்லை. செய்தி முடியும் வரை எழவும் இல்லை. முடிந்தபின் அம்மாவிடம் திரும்பி, மேட்டுப்பாளையம் பாதையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்ற செய்தியை ஒரு சொல்லும் பிசகாமல் எடுத்துரைத்தார். பின்பு எங்களைப் பார்த்து, "இப்பச் சொல்லு தனித்தனியா வருது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒலியளவு முன்னர் இருந்ததினும் பாதியளவே இருந்தது. அண்டை வீட்டார் மறுநாள், தொலைக்காட்சி பழுதாயிற்றோ என்று வினவினர்.

பெட்டியையே வீட்டை விட்டு நீக்குவதிருக்க, அதற்கு மேலும் ஒலி கூட்டுவானேன் என்று எங்கள் முஹல்லாப் பெரியவர் ஒருவர் கடிந்துகொண்டார். அத்தா அவரை மறுக்கவில்லை. அஸருக்குப் பின் வந்து அமருமாறு அழைத்தார். வந்தவர் மழைச் செய்தி கேட்டார். ஹரமின் கிராஅத் கேட்டார். மூன்றாம் நாள், காதுக்குப் பின் கைகுவிக்காமலே தாம் கேட்டுக்கொண்டிருந்ததை அவரே கண்டுகொண்டார். அடுத்த ஜும்ஆவுக்கு முன், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் 'எக்கோ'வையும் அடித்தொலியையும் குறைக்குமாறு நிர்வாகத்தாரிடம் சொன்னவரும் அப்பெரியவரே. பயான் இப்போது விளங்குகிறது என்று முதியோர் பலர் கூறினர்.

அரை மாத்திரையின் விலை

இவ்விணைப்பு அத்தாவின் செவியைக் குணமாக்கவில்லை. அதனினும் பெரிய ஒன்றைச் செய்தது. சொல் விளங்காமைக்குத் தம் அறிவு மழுங்கியதே காரணம் என்று அவர் உள்ளூர அஞ்சியிருந்தார், அதனாலேயே ஒதுங்கினார். அறிவு குன்றவில்லை, மெய்யொலி எட்டவில்லை என்பது அன்று அவர்க்குத் தெளிவாயிற்று. ஓராண்டாகச் செவிச்சோதனைக்கு மறுத்துவந்தவர், "கோயமுத்தூர் போய்ப் பாத்துடலாம்" என்று தாமே கூறினார். சோதனைத் தாளில் வரைந்த கோடு, தாழ்ந்த அதிர்வுகளில் சமமாகச் சென்று, உயர் அதிர்வுகளில் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதைபோல் சரிந்திருந்தது. இன்று அவர் செவிக்கருவி அணிகிறார். உணவு வேளையில் மீண்டும் அவர் குரல் கேட்கிறது.

உலக நலவாழ்வு அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 43 கோடி மக்கள் செவிக்குறைவுக்கு மறுவாழ்வு உதவி வேண்டி நிற்கின்றனர் என்கிறது. அறுபதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவர்க்கு மேல் இக்குறை உடையர். கவனியாது விட்ட செவிக்குறைவு மறதிநோய்க்கு ஏதுவாகும் காரணிகளுள் ஒன்று என மருத்துவ ஆய்வுகள் எச்சரிக்கின்றன. மைசூரில் 1960களில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனமும், மும்பையில் 1983-இல் நிறுவப்பெற்று அலி யாவர் ஜங் அவர்களின் பெயர் தாங்கிய தேசிய நிறுவனமும் இத்துறையில் அரும்பணியாற்றி வருகின்றன. கண்ணாடி அணிய நாணாத நாம் செவிக்கருவிக்கு மட்டும் நாணுவது ஏன்? சமுதாயப் பெரியவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

வள்ளுவர் கேள்விக்கென 42-ஆம் அதிகாரத்தை வகுத்தார். திருமறையில் செவியும் பார்வையும் சேர்த்துக் கூறப்படும் இடங்களுள் பெரும்பாலனவற்றில் செவியே முற்படுகிறது. பெற்றோர் முதுமையுறும்போது சலிப்பைக் காட்டும் ஒரு சிற்றொலியையும் அவர்முன் எழுப்பலாகாது என்பது இறைகட்டளை. 'எத்தனை தடவை சொல்வது?' என்னும் நம் அன்றாட வினாவில் அச்சிற்றொலி ஒளிந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களுக்கு நான் வேண்டுவது சிறிதே. உங்கள் இல்லத்து முதியவரிடம் உரக்கக் கூவாதீர்கள். கூவினால் உயிரே ஓங்கும், மெய் ஓங்காது. அருகே சென்று, முகம் நோக்கி, இதழ் தெரிய, மெய்யெழுத்து ஒவ்வொன்றையும் திருத்தமாக ஒலித்து, சற்றே மெதுவாகப் பேசுங்கள். வகுப்பறையில் நாம் வலியுறுத்தும் உச்சரிப்புப் பயிற்சி மேடைக்கு மட்டும் உரியதெனக் கருதற்க. வீட்டில் நாற்காலியில் தனித்திருக்கும் ஒருவரை நம் பேச்சுக்குள் மீண்டும் அழைத்துக்கொள்ளவும் அது பயன்படும். மெய்யெழுத்துக்கு நம் முன்னோர் அளித்த அரை மாத்திரையை முழுதாகக் கொடுத்துப் பேசுவோமாயின், அதுவே நாம் பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடைகளுள் ஒன்றாகும். வல்ல இறைவன் நம் அனைவர் செவியையும் நாவையும் காத்தருள்வானாக.